இருண்டது திரையா, கணினியா?



ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் நம் அலுவலகத் தபாலில் ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வரத் தொடங்கும். "நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்த லேப்டாப், காலையில் திறந்தால் கறுப்பாக இருக்கிறது. என்ன செய்வது?" கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியை, ஆடிட்டர் அலுவலக உதவியாளர், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர் என்று யார் யாரோ கேட்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் ஒன்று திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து. காய்கறி மண்டி ஒன்றில் கணக்குப் பார்க்கும் வாசகி எழுதியிருக்கிறார். அங்கே சரக்கு இறங்குவது நடு ராத்திரியில். எந்த லாரியில் எத்தனை மூட்டை வந்தது, எந்த விவசாயிக்கு எவ்வளவு பட்டுவாடா, எந்தச் சில்லறைக் கடைக்காரர் எவ்வளவு கடன் சொல்லிவிட்டுப் போனார் என்பதெல்லாம் விடிவதற்குள் கணினியில் ஏறிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டுவிட்டது. "முதலாளி புதுசு வாங்கிடலாங்கிறார் சார். பழசுல இருக்கிற கணக்கு என்ன ஆகும்னுதான் எனக்குப் பயம்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரிக்காகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். அவருடைய பயம் நியாயமானது. முதலாளியின் முடிவு அவசரமானது. மடிக்கணினியில் திரை ஒரு தனி உறுப்பு. கணக்கு இருப்பது டிஸ்க் என்ற வேறோர் உறுப்பில். இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் தரும் அடாப்டர், பேட்டரி, ரேம், படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் மெல்லிய கேபிள், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்கு, எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மென்பொருள் என்று வரிசையாகப் பல இருக்கின்றன. இதில் எது படுத்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: கறுப்பு. ஆகவே பணப்பையைத் திறப்பதற்கு முன் இருண்டது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு வைக்கும் சோதனையை நோக்கி வரிசை மாறாமல் போனால் போதும்.

முதல் சோதனைக்குக் காதும் கண்ணும் போதும். பவர் பொத்தானை அழுத்திவிட்டுச் சத்தமில்லாத இடத்தில் அரை நிமிடம் கவனியுங்கள். சிறு விளக்கு எரிகிறதா? உள்ளே விசிறி சுற்றும் இரைச்சல் கேட்கிறதா? விண்டோஸ் திறக்கும்போது வரும் ஓசை வருகிறதா? விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? கேப்ஸ் லாக் விளக்கு நீங்கள் சொன்னபடி கேட்டால் உள்ளே கணினி விழித்திருக்கிறது என்று அனேகமாக நம்பலாம். திரை மட்டும்தான் உங்களோடு பேசவில்லை. எந்த விளக்கும் இல்லை, எந்தச் சத்தமும் இல்லை என்றால் திரையைக் குறை சொல்வதில் பயனில்லை. மின்சாரம் போய்ச் சேரவில்லை.

மின்சாரத்தை வெளியிலிருந்தே பார்த்து வாருங்கள். மண்டிகளில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் எலக்ட்ரானிக் தராசு, மேசை விசிறி, கைப்பேசி சார்ஜர், பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி எல்லாம் தொங்கும். அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, சுவரிலுள்ள பிளக்கில் நேராகச் சொருகிப் பாருங்கள். அதே பிளக்கில் கைப்பேசியைச் சொருகி அது சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள். அடாப்டரின் இரண்டு துண்டு வயரும் சேருமிடம் தளர்ந்திருக்கலாம். கணினிக்குள் போகும் முனை ஆடிக்கொண்டிருக்கலாம். பக்கத்து மண்டியிலிருந்து வேறு அடாப்டர் கடன் வாங்கிச் சோதிப்பதானால், அடியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படித்த பிறகே சொருக வேண்டும். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய வட்ட முனை அடாப்டர்கள் பலவற்றில் இது 19 அல்லது 19.5 என்று இருக்கும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. புதிய டைப்-சி முனைக் கணினியில் கைப்பேசி சார்ஜரைச் சொருகிவிட்டு "ஏறவில்லையே" என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. 45 வாட், 65 வாட் கேட்கும் கணினிக்குக் கைப்பேசியின் சிறிய சார்ஜர் போதாது.

அடுத்தது, மெக்கானிக்குகள் எல்லாரும் முதலில் செய்து பார்க்கும் வேலை. சார்ஜரைக் கழற்றுங்கள். பழைய மாடலாக இருந்து பேட்டரியை வெளியே எடுக்க முடியுமானால் அதையும் எடுங்கள். பிறகு பவர் பொத்தானை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். விட்டுவிட்டு, சார்ஜரை மட்டும் சொருகி மறுபடி இயக்குங்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. கணினியின் தாய்ப்பலகையில் மின்சாரம், விசைப்பலகை, மூடி ஆகியவற்றைக் கவனிக்க ஒரு சிறு சிப் எப்போதும் விழித்திருக்கிறது. மின்சாரம் ஏறி இறங்கும் இடங்களிலும், கணினி தூங்கப்போகும் நேரத்தில் வயரைப் பிடுங்கும்போதும் அது குழம்பி நின்றுவிடுவது உண்டு. பலகையில் தேங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடிந்தால் அது புதிதாகத் தொடங்குகிறது. போய்விட்டது என்று நினைத்த கணினிகளில் சில இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடும்.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் இனி திரையின் பக்கம் வரலாம். இங்கும் திருப்புளியை எடுக்க அவசரம் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டும் விசையைச் சில முறை தட்டுங்கள். மூட்டையின் மூலை இடித்தோ குழந்தையின் விரல் பட்டோ வெளிச்சம் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கலாம். விண்டோஸ் விசையோடு 'பி' (P) விசையை அழுத்தினால் படத்தை எந்தத் திரைக்கு அனுப்புவது என்ற பட்டியல் வரும். கடைசியாகப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டியவர், 'இரண்டாம் திரை மட்டும்' என்று விட்டிருக்கலாம். பட்டியல் கண்ணுக்குத் தெரியாது என்பதால், விண்டோஸ் விசையை விடாமல் 'பி'யை ஒவ்வொரு முறையாகத் தட்டி, சற்றுப் பொறுத்து, என்டர் அழுத்திப் பாருங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'B' விசையைத் தட்டினால் படம் காட்டும் மென்பொருள் மட்டும் புதிதாகத் தொடங்கும். சின்னதாக ஒரு 'பீப்' கேட்கும். கேட்டால், விண்டோஸ் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

பலருக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு: காந்தம். மூடியை மூடியதும் திரை அணைவதற்குப் பெரும்பாலான கணினிகளில் மூடிக்குள் ஒரு சிறு காந்தமும், கீழே விசைப்பலகைப் பக்கம் அதை உணரும் சிப்பும் வைத்திருக்கிறார்கள். கைப்பேசியின் காந்தப் பூட்டு உறையையோ, காந்தக் கொக்கி வைத்த பணப்பையையோ உள்ளங்கை வைக்கும் இடத்தில் போட்டால் கணினி மூடி சாத்தப்பட்டதாக நினைத்துத் தூங்கிவிடும். ஒரு மடிக்கணினியை இன்னொன்றின் மேல் அடுக்கினாலும் இப்படி ஆகலாம். கல்லா மேசையில் கணினி வைத்திருப்பவர்கள் அதைச் சுற்றி என்ன கிடக்கிறது என்று ஒருமுறை ஒதுக்கிப் பாருங்கள்.

அடுத்த சோதனைக்குக் கைப்பேசியின் டார்ச் வேண்டும். அது ஏன் பலிக்கிறது என்று சொல்ல ஒரு பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. காந்தி மார்க்கெட்டுக்கு மலையிலிருந்து கேரட் மூட்டைகள் வந்து இறங்குகின்றனவே, அந்தக் கேரட்டுக்கும் இந்தத் திரைக்கும் உறவு உண்டு. 1888-ல் பிராக் நகரில் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட் கிழங்கிலிருந்து கொலஸ்டிரால் வகைப் பொருளைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு சேர்மம் வினோதமாக நடந்துகொண்டது. 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமானது, 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று திகைத்து, ஜெர்மன் இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு அனுப்பினார். நடுவிலிருந்த அந்தக் கலங்கல் நிலை, திரவம்போல ஓடியது. ஒளியிடம் மட்டும் படிகம்போல நடந்துகொண்டது. திரவப் படிகம் என்ற புதிய இனம் உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். அதை வைத்து எண்ணும் எழுத்தும் காட்டும் திரையை ஜார்ஜ் ஹெய்ல்மெயரின் குழு 1968-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் காட்டியபோது எண்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்தக் கதையில் திருச்சிக்கும் பங்கு உண்டு. ரைனிட்சர் கண்டுபிடித்த அதே 1888-ல், நவம்பர் 7-ஆம் தேதி, காவிரிக்கு அந்தக் கரையில் திருவானைக்காவலில் பிறந்தார் சர் சி.வி. ராமன். அவர் பெங்களூரில் நிறுவிய ராமன் ஆய்வு நிறுவனத்தில், அவருடைய மருமகன் முறையான எஸ். சந்திரசேகர் தலைமையிலான குழு, வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உருவாகும் என்று 1977-ல் கண்டறிந்தது. அதுவரை குச்சி வடிவ மூலக்கூறுகளே இந்த இனத்தைச் சேர்ந்தவை என்று எண்ணியிருந்தார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் திரையில் படம் வெளிறாமல் இருக்கப் பின்னாளில் ஒட்டிய படலங்களில் இந்தத் தட்டு மூலக்கூறுகள் இடம்பெற்றன.

திரவப் படிகம் தானாக ஒளி தருவதில்லை. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை எங்கே விடுவது, எங்கே மறிப்பது என்பது மட்டுமே அதன் வேலை. பின்னால் இருக்கும் விளக்கு போய்விட்டால் படம் திரையில் உருவாகிக்கொண்டேதான் இருக்கும். நம் கண்ணுக்குத்தான் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஐகான்களோ எழுத்துகளோ மங்கலாகத் தெரிந்தால் குற்றவாளி பின்விளக்கு அல்லது அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வழி. ஓஎல்இடி திரை வைத்த கணினிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்விளக்கு என்ற ஒன்றே கிடையாது.

டார்ச்சிலும் ஒன்றும் தெரியவில்லையா? வீட்டு டிவி இருக்கிறது. ஒரு எச்டிஎம்ஐ கேபிளால் கணினியை டிவியோடு இணைத்து, கணினியை அணைத்து மறுபடி இயக்குங்கள். எனக்குப் பிடித்த சோதனை இதுதான். காந்தி மார்க்கெட் வியாபாரிகளுக்கு இதை விளக்க 2020-ஐ நினைவூட்டினால் போதும். கொரோனா காரணமாக அந்த ஆண்டு மார்ச் கடைசியில் மார்க்கெட் மூடப்பட்டது. கதவு திறக்க நவம்பர் கடைசியாகிவிட்டது. வெளியூர்க்காரர் ஒருவர் அந்த மாதங்களில் தஞ்சாவூர் ரோட்டுப் பக்கமாக மட்டும் வந்து பார்த்திருந்தால் திருச்சியில் காய்கறி வியாபாரமே நின்றுவிட்டது என்று நினைத்திருப்பார். மொத்த வியாபாரமோ பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. கணினியின் சொந்தத் திரை மூடிக்கிடக்க, டிவியில் படம் வந்தால் நிலைமை அதுவேதான். ரேம், தாய்ப்பலகை, டிஸ்க், விண்டோஸ் எல்லாம் வேலை செய்கின்றன. திரையோ அதற்குப் போகும் கேபிளோதான் மக்கர் செய்கிறது.

நம் மண்டி வாசகிக்கு இதைத்தான் எழுதினோம். வீட்டு டிவியில் இணைத்தாராம், கணக்கு முழுக்க அப்படியே வந்து நின்றதாம். அன்று மாலைக்குள் அத்தனையையும் பென்டிரைவில் எடுத்துவிட்டார். அதன் பிறகு கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தார், கெட்டிருந்தது கேபிள். புதுக் கணினிப் பேச்சு அத்தோடு நின்றது.

அந்தக் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவிலுள்ள கீல் வழியாக அது போகிறது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது மடங்கி நிமிர்கிறது. ஒரு மூலையை மட்டும் பிடித்து வெடுக்கென்று திறக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் கீலும் கேபிளும் சீக்கிரம் தளர்கின்றன. மூடியை மெல்லச் சாய்த்து நிமிர்த்தும்போது படம் வந்து வந்து போனால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தால், கேபிள்மீதுதான் முதல் சந்தேகம். இந்த ஒரு தகவலைக் கடைக்காரரிடம் சொன்னால் திரையையே மாற்றும் செலவு மிச்சமாகலாம்.

டிவியிலும் கறுப்புதான் என்றால் விஷயம் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. இப்போது கணினி வேறு மொழியில் பேசுகிறதா என்று பாருங்கள். இயக்கியதும் விட்டுவிட்டு 'பீப்' கேட்கலாம். பவர் விளக்கோ கேப்ஸ் லாக் விளக்கோ இத்தனை முறை என்று கண் சிமிட்டலாம். எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். ரேம், தாய்ப்பலகை, பயாஸ் என்று எதில் கோளாறு என்பதை அந்த எண்ணிக்கை சொல்லும். அதன் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, உங்கள் மாடலுக்கான கையேட்டில் இருக்கும். ரேம் பலகை தன் பள்ளத்தில் தளர்ந்தாலோ, அதன் தங்க நிறப் பற்களில் ஈரமும் தூசியும் படிந்தாலோ திரை எழும்பாது. அடிமூடியைத் திறந்து பழக்கமுள்ளவர்கள் சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகு ரேமை எடுத்து, துடைத்து, மறுபடி அழுத்திப் பொருத்தலாம். பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதே நல்லது. புதிதாக ரேம் மாற்றிய கணினி முதல் முறை எழும்ப ஓரிரு நிமிடம் கறுப்பாகவே நிற்பதும் உண்டு; அது தன் புதிய ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பொறுமையிழந்து அணைத்துவிடாதீர்கள்.

இன்னொரு வகைக் கறுப்பு உண்டு. கம்பெனிப் பெயர் திரையில் நன்றாக வருகிறது, விண்டோஸ் சின்னம் வருகிறது, அதற்குப் பிறகுதான் இருட்டு. இதில் திரைக்கு ஒரு குறையும் இல்லை, குறை மென்பொருளில். சுட்டியின் அம்பு மட்டும் தெரிந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்ப்ளோரரை அங்கிருந்து இயக்கிப் பார்க்கலாம். அதுவும் வராவிட்டால், விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுநீக்கும் நீலப் பக்கம் தானே திறக்கும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஆம் எண்ணைத் தட்டினால் சேஃப் மோடு. அங்கே படம் தெரிந்தால், கடைசியாக ஏறிய டிரைவரையோ அப்டேட்டையோ நீக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

மென்பொருளால் திரை கெடுவது எவ்வளவு பெரிதாகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள ஒரு சிறு அப்டேட், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்திவிட்டது என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை கணினிகளிலும் ஒரு திருகாணிகூடக் கெடவில்லை. சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை நீக்கியதும் எழுந்தன. ஆனால் பல அலுவலகங்களில் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. டிஸ்க்கை பிட்லாக்கர் பூட்டியிருந்தது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் கைவசம் இல்லை. உங்கள் கணினியிலும் அந்தப் பூட்டு இருக்கலாம். திரை நன்றாக இருக்கும் இன்றைக்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பார்த்து, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

மழைக்காலம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மழைச்சாரலோ டீயோ கணினிக்குள் போய்விட்டால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, தலைகீழாகக் கூடாரம்போல் கவிழ்த்துவிட்டு மெக்கானிக்கைத் தேடுங்கள். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று போடும் அந்த ஒரு முறைதான் பலகையைச் சுடுகிறது. அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் தவிடும் தூசியும் உள்ளே போவதுதான் மிச்சம். அடிப்பாகம் உப்பி, மூடி சரியாகச் சாத்தாமல் இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வெங்காயச் சருகும் மிளகாய்த் தூளும் பறக்கும் இடங்களில் விசிறித் துவாரம் அடைபட்டுச் சூடேறிக் கணினி திடீரென்று அணைவதும் உண்டு. அங்கெல்லாம் கணினியைச் சாக்கின் மேலோ மெத்தைமீதோ வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுத இன்னொரு காரணமும் உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கணினி பெற்றார்கள். பல குடும்பங்களில் அதுவே முதல் கணினி. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அறிவிப்பும் வந்தது. அந்தப் பழைய கணினிகளில் சில, திரை கறுத்ததால் பரணுக்குப் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, டிவியில் இணைத்துப் பாருங்கள். தங்கையின் வீட்டுப்பாடத்துக்கோ கடைக் கணக்குக்கோ இன்னும் சில ஆண்டுகள் உழைக்கலாம். உண்மையிலேயே முடிந்துவிட்டது என்றால் பழைய இரும்புச் சாமானோடு போடாதீர்கள். மிகப் பழைய திரைகளின் பின்விளக்குக் குழலில் சிறிதளவு பாதரசம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பழையவற்றை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மீது வைத்திருக்கின்றன. கம்பெனியிடம் கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

கடைசியில் கடைக்குத்தான் போக வேண்டும் என்றாகிவிட்டால், வெறுங்கையோடு போகாதீர்கள். திருச்சியில் சிங்காரத்தோப்பு, மேலப்புலிவார்டு ரோடு பக்கம் போனாலும், உங்கள் ஊரில் எங்கே போனாலும், "திரை வரலைங்க" என்று மட்டும் சொல்கிறவருக்கும், "விளக்கு எரியுது, டார்ச் அடிச்சா ஒண்ணும் தெரியல, டிவியில படம் வருது, மூடியைச் சாய்ச்சா விட்டுவிட்டு வருது" என்று சொல்கிறவருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. உத்தரவாதக் காலம் முடிந்ததா என்று முதலில் பாருங்கள். முடியாதிருந்தால் வெளிக்கடையில் திறக்கவே விட வேண்டாம். செலவு மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ரசீதிலேயே "டிஸ்க்கை ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள். திரையோ கேபிளோ மாற்றியது சரியா என்று பார்க்கக் கம்பெனிப் பெயர் தெரியும் முதல் பக்கமே போதும். அதற்கு உங்கள் கடவுச்சொல்லைத் தர வேண்டியதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, ஓர் இணையதளம் தொடங்கியது. நியாயம் கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

டிஸ்க்கைப் பற்றிச் சொன்னேன். பெரும்பாலான கணினிகளில் அதைத் தனியே கழற்றி, ஒரு சிறு உறையில் போட்டு, இன்னொரு கணினியில் இணைத்து உள்ளிருப்பதைப் படிக்க முடியும். மிக மெலிதான சில மாடல்களில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அங்கே பலகை போனால் கணக்கும் போனதுதான். எந்த வகை என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, வாரம் ஒருமுறை வெளியே ஒரு பிரதி எடுத்துவிடுவது சுலபம். மண்டிகளில் இன்னும் சிட்டை எழுதும் வழக்கம் இருக்கிறது. கணினி வந்ததும் அதைப் பழசு என்று கைவிட்டவர்களைவிட, இரண்டையும் வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்திலேயே அந்தப் பிரதியை எடுத்துவிடுங்கள். பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் வாசகர்கள், நான் விட்டுவிட்ட காரணங்கள் இருந்தால் எழுதுங்கள். ஈரமும் தூசியும் மின்வெட்டும் உள்ள நம் ஊர்க் கடைகளில் நீங்கள் பார்ப்பதைக் கம்பெனிக் கையேடுகள் சொல்வதில்லை. அடுத்த இதழில் உங்கள் பக்கமாக வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்